வேரைக் காப்பதா, புது வேர் ஊன்றுவதா?

பல் போனால் சொல் போகும் என்பது நம் முன்னோர் கூற்று. சொல்லோடு வேறு சிலவும் போகின்றன. உணவின் சுவை குறைகிறது; நன்றாக மென்று உண்ண இயலாமையால் உண்ணும் பொருள்களே மாறிவிடுகின்றன; நால்வர் நடுவில் வாய்விட்டுச் சிரிப்பதற்கும் கூச்சம் உண்டாகிறது. ஆதலின், சிதைந்துபோன ஒரு பல்லை என்ன செய்வது என்பது சிறு கேள்வியே ஆயினும், ஒரு குடும்பத்தின் வருவாயையும் நலத்தையும் தொட்டு நிற்கும் கேள்வியாகும். அதனைப்பற்றியே இன்று நாம் பேசக் கருதுகிறோம்.

மும்பை மாநகரில் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளிலும் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். நெல்லைச் சீமையிலிருந்து வந்து தாராவியில் குடியேறித் தோல் தொழிலிலும் பிற கைத்தொழில்களிலும் ஈடுபட்டவர் உளர். மாதுங்காவில் தங்கி அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பணி புரிந்தவர் உளர். பின்னர்ச் செம்பூர்ப் பக்கம் வீடு வாங்கிச் சென்றவரும் உளர். தொழிலாலும் வருவாயாலும் இவர்கள் வேறுபட்டவர்கள். ஆயினும், பல் வலியோடு மருத்துவரிடம் சென்று திரும்பும்போது இவர்கள் அனைவரும் கேட்பது ஒரே கேள்விதான்: 'கேப் போட்டுக்கொள்வதா, இம்பிளான்ட் வைத்துக்கொள்வதா? இரண்டில் எது நல்லது?'

இக்கேள்வி கேட்கப்படும் முறையிலேயே ஒரு மயக்கம் இருக்கிறது. ஒரு கடையில் இரு வகைத் துணிகளை விரித்து வைத்து, இதுவா அதுவா என்று கேட்பதைப்போல இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கிறோம். உண்மையில் இவை இரண்டும் இரு வேறு நிலைகளுக்கு உரியவை. ஒன்று, வேர் இருக்கும் பல்லுக்கு உரியது; மற்றொன்று, வேரை இழந்த இடத்துக்கு உரியது. இதனைத் தெளிவாக உணர்ந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதற்கண் பல்லின் அமைப்பைச் சிறிது பார்ப்போம். வாயைத் திறந்தால் நம் கண்ணுக்குத் தெரிவது பல்லின் மேற்பகுதி மட்டுமே. ஈறுக்குக் கீழே, தாடை எலும்பினுள் அதன் வேர் புதைந்திருக்கிறது. முன்பற்களுக்குப் பெரும்பாலும் ஒரு வேர். கடைவாய்ப் பற்களுக்கு இரண்டு அல்லது மூன்று வேர்கள். மேற்பகுதியைப் போர்த்தியிருப்பது எனாமல் என்னும் மிகக் கடினமான பூச்சு. அதற்கு அடியில் சற்று மென்மையான மஞ்சள் நிறப் பகுதி ஒன்று உண்டு. அதற்கும் உள்ளே, நடுவில், இரத்தக் குழாய்களும் நரம்பும் நிறைந்த கூழ் போன்ற பகுதி இருக்கிறது. வேரானது எலும்போடு நேரே ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் இடையே மெல்லிய நார்கள் ஊஞ்சற் கயிறுகள்போலக் கட்டியிருக்கின்றன. சோற்றில் ஒரு சிறு கல் அகப்பட்டாலும் உடனே நமக்குத் தெரிந்துவிடுகிறதே, அவ்வுணர்ச்சிக்குப் பெரிதும் காரணம் இந்நார்களே.

சொத்தை என்பது எனாமலில் தொடங்குகிறது. அந்நிலையில் வலி இராது. அடுத்த பகுதியை அடையும்போது இனிப்பும் குளிர்ந்த நீரும் பட்டால் கூசும். நடுக்கூழை அடையும்போதுதான் இரவில் உறங்க விடாத வலி எழுகிறது. பின்னர்ச் சில நாள்களில் அவ்வலி தானாகவே நின்றுவிடுவதும் உண்டு. இவ்விடத்தில்தான் பலர் ஏமாந்துபோகின்றனர். கிராம்பு எண்ணெய் தடவினேன், போய்விட்டது என்பர். உண்மையில், வலியை உணர்த்தி வந்த நரம்பு இறந்துபோயிற்று என்பதே அதன் பொருள். கிருமிகள் வேரின் வழியே இறங்கி, நுனியில் சீழ் வைத்து, சுற்றியுள்ள எலும்பை அரித்துக்கொண்டிருக்கும். வலி நின்ற பல்லே மருத்துவரிடம் விரைந்து காட்ட வேண்டிய பல் என்பதை நேயர்கள் நினைவில் இருத்த வேண்டும்.

இவ்வாறு நடுக்கூழ் கெட்ட பல்லைக் காப்பதற்கு உள்ள வழிதான் ரூட் கெனால் என்று வழங்கும் வேர்ச் சிகிச்சை. கெட்ட கூழை அகற்றி, வேரின் உட்குழாயைத் துப்புரவு செய்து, இரப்பர் போன்றதொரு பொருளால் அதனை அடைத்துவிடுவர். ஓரிரு அமர்வுகளிலோ மூன்று அமர்வுகளிலோ இது முடிந்துவிடும். ஆனால் பல்லின் கதை அங்கே முடிவதில்லை. சொத்தையினாலும் சிகிச்சைக்காகத் திறந்ததனாலும் அப்பல்லின் உட்பகுதி வெறுமையாகியிருக்கும். முறுக்கோ, கொய்யாப் பழத்தின் விதையோ கடிபட்டால் அது பிளந்துவிடக் கூடும். ஆகவேதான் அதன்மேல் உறை போடுகின்றனர். மருத்துவர் கிரவுன் என்பதும், மக்கள் கேப் என்பதும் இவ்வுறையையே. பல்லின் நாற்புறமும் மேற்புறமும் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குச் செதுக்கி, அச்சு எடுத்து, அதற்கேற்ற உறையைச் செய்து ஒட்டிவிடுவர். முழு உலோக உறையும் உண்டு. உலோகத்தின்மேல் பீங்கான் பூசிய உறையும் உண்டு. சிர்க்கோனியா என்னும் வெண்ணிறப் பொருளால் ஆன உறையும் உண்டு.

வேர்ச் சிகிச்சை செய்த எல்லாப் பல்லுக்கும் உறை கட்டாயமா என்று கேட்கலாம். மிகுதியாகச் சிதையாத முன்பல்லாயின் நல்ல அடைப்பே போதுமானதாக இருக்கக் கூடும். அரைக்கும் வேலையைச் செய்யும் கடைவாய்ப் பற்களுக்கோ பெரும்பாலும் உறை வேண்டும். 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, வேர்ச் சிகிச்சை செய்யப்பட்ட 14 இலட்சத்துக்கு மேற்பட்ட பற்களின் கணக்கை எடுத்துப் பார்த்தது. 8 ஆண்டுகள் கழித்தும் அவற்றுள் 100க்கு 97 பற்கள் வாயிலேயே இருந்தன. பிடுங்க நேர்ந்த சிலவற்றை ஆராய்ந்தபோது, அவற்றுள் 100க்கு 85 பற்கள் முழு உறை போடப்படாதவை என்று தெரியவந்தது. அந்நாட்டு நிலைமை வேறு, நம் நாட்டு நிலைமை வேறு என்பது உண்மையே. ஆயினும், வேர்ச் சிகிச்சை செய்துவிட்டு உறையைத் தள்ளிப்போடுவது எத்தகைய இழப்பைத் தரும் என்பதை இக்கணக்கு நன்கு காட்டுகிறது.

இனி இம்பிளான்டைப்பற்றிக் கூறுவோம். இது செயற்கை வேர். டைட்டானியம் என்னும் உலோகத்தால் ஆன சிறு திருகாணி ஒன்றைத் தாடை எலும்பினுள் பதிப்பர். எலும்பு அதனோடு ஒட்டி இறுகுவதற்குப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதங்கள் காத்திருப்பர். பின்னர் அதன்மேல் ஓர் இணைப்புத் துண்டைப் பொருத்தி, அதன்மேல் உறையை வைப்பர். ஆகவே இம்பிளான்ட் வைத்தாலும் இறுதியில் உறை போடத்தான் வேண்டும். ஒன்றில் உறை இயற்கை வேரின்மேல் அமர்கிறது. மற்றொன்றில் உலோக வேரின்மேல் அமர்கிறது. வேறுபாடு வேரிலேதான்.

இம்முறை தோன்றிய வரலாறு சுவையானது. சுவீடன் நாட்டு மருத்துவ அறிஞர் பெர் இங்வார் பிரானெமார்க் என்பவர், 1952ஆம் ஆண்டில் எலும்பினுள் நிகழும் இரத்த ஓட்டத்தை ஆராய்வதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பதித்தார். ஆராய்ச்சி முடிந்தபின் கருவியை எடுக்க முயன்றார், வரவில்லை. எலும்பு அதனோடு பிரிக்க முடியாதபடி ஒட்டி வளர்ந்திருந்தது. பலர் இதனை ஓர் இடையூறு என்று கருதி விட்டிருப்பர். அவரோ, எலும்பு இவ்வுலோகத்தை ஏற்றுக்கொள்கிறது என்றால் பல் இல்லாதவருக்கு இதனால் வேர் அமைக்கலாமே என்று எண்ணினார். 1965ஆம் ஆண்டில், பிறவியிலேயே அண்ணமும் தாடையும் குறைபட்டிருந்த இயோஸ்தா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் நான்கு திருகாணிகளைப் பதித்தார். லார்சன் 2006ஆம் ஆண்டில் மறையும்வரை, 40 ஆண்டுகளுக்கு மேலாக, அவை அவருக்குப் பயன்பட்டன. 1982ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் கூடிய மாநாட்டுக்குப் பின்னரே பிற நாட்டுப் பல் மருத்துவர்கள் இம்முறையைப் பரவலாக ஏற்றுக்கொண்டனர்.

இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிரானெமார்க் முதலில் உதவியது பல்லே இல்லாத ஒருவருக்கு. இழந்ததை ஈடு செய்வதற்காகவே இம்முறை பிறந்தது. அதற்கு இது மிகச் சிறந்த முறை. தக்கவருக்குத் தக்க முறையில் வைக்கப்பட்டால் 10 ஆண்டுகளுக்குப் பின்னும் 100க்கு 90க்கு மேற்பட்டவை நிலைத்திருக்கின்றன. பக்கத்துப் பற்களைத் தொட வேண்டியதில்லை. கழற்றி மாட்ட வேண்டியதில்லை. ஆயினும், இயற்கை வேரைச் சுற்றியுள்ள நார்கள் இதற்கு இல்லை. ஆகவே கடிக்கும்போது அழுத்தத்தை உணரும் நுட்பம் குறைவு. சுற்றியுள்ள ஈறும் எலும்பும் கிருமிகளால் கெடுவதும் உண்டு. அப்போது உறுதியாக நின்ற திருகாணியும் ஆட்டம் காணும். இதற்குச் சொத்தை வாராது. ஈறு நோய் வரும் என்பதை அறிதல் வேண்டும்.

ஆகவே மருத்துவரிடம் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, 'இந்த வேரைக் காக்க முடியுமா?' என்பதே. முடியும் என்றால் வேர்ச் சிகிச்சையும் உறையுமே பெரும்பாலும் தக்க வழி. முடியாது என்றால் ஏன் முடியாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குரிய காரணங்கள் சிலவே. வேர் நெடுக்காகப் பிளந்திருத்தல் ஒன்று. சொத்தை ஈறுக்கு வெகு கீழே இறங்கிவிட்டிருத்தல் மற்றொன்று. பல்லைத் தாங்கும் எலும்பு பெரிதும் அரிக்கப்பட்டுப் பல் ஆடுதல் வேறொன்று. உறை நன்கு பற்றி நிற்பதற்கு, ஈறுக்கு மேலே சுற்றிலும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உயரமாவது நல்ல பல் எஞ்சியிருக்க வேண்டும். அவ்வளவு இல்லையெனில் உறை போட்டாலும் அது நெடுநாள் நில்லாது. சில வேளைகளில் ஈற்றையும் எலும்பையும் சிறிது குறைத்து அவ்வுயரத்தைப் பெறுவதும் உண்டு. இவற்றையெல்லாம் எக்ஸ்ரே படத்தில் காட்டும்படி மருத்துவரைக் கேட்பது நோயாளியின் உரிமை; நல்ல மருத்துவர் அதனைக் குறையாக எண்ணார்.

இனி, நம் மூன்று பகுதிகளிலும் நிகழக்கூடிய மூன்று நிலைகளைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

தாராவியில் தோற்பை தைக்கும் பட்டறை ஒன்றில் எண்ணிக்கைக்குக் கூலி பெறும் ஒருவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று கொள்வோம். பிடுங்கிவிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்தது, செலவும் குறைவு. வேர்ச் சிகிச்சையும் உறையும் என்றால் நான்கைந்து முறை போய்வர வேண்டும். ஒவ்வொரு முறையும் அரை நாட் கூலி போகும். ஆகவே அவர் பிடுங்கிவிடவே விரும்புவார். அவரைக் குறை கூறுதல் எளிது. அவருடைய நிலையில் நின்று பார்த்தால் அஃது இயல்பான முடிவே. ஆயினும் அதன் பின்விளைவையும் அவரிடம் சொல்ல வேண்டியது நம் கடமை. பல்லைப் பிடுங்கிய இடத்தில் எலும்பு சுருங்கத் தொடங்குகிறது. ஓராண்டுக்குள் அதன் அகலத்தில் ஏறத்தாழப் பாதி குறைந்துபோகக் கூடும். பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளியை நோக்கிச் சாய்கின்றன; எதிர்த் தாடைப் பல் கீழே இறங்குகிறது. அந்தப் பக்கம் மெல்ல இயலாமல் மறுபக்கமே மெல்லுவதால் அப்பக்கத்துப் பற்களும் விரைவில் தேய்கின்றன. பின்னாளில் வசதி வந்து இம்பிளான்ட் வைக்க விரும்பினால், குறைந்துபோன எலும்பை ஈடு செய்யத் தனிச் சிகிச்சையும் வேண்டியிருக்கும். இன்று மிச்சமாகும் பணம் நாளை பன்மடங்காகத் திரும்பிக் கேட்கப்படும்.

அவருக்கு வழி இல்லாமல் இல்லை. மும்பை மாநகராட்சியின் நாயர் மருத்துவமனைப் பல் மருத்துவக் கல்லூரி 1933ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. மும்பை சென்டிரல் நிலையத்துக்கு அருகில் இருப்பது. மாகிம் நிலையத்தில் வண்டி ஏறினால் மாறாமல் சென்றுவிடலாம். அரசினர் பல் மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் சத்திரபதி சிவாஜி மகாராஜ் முனையத்துக்கு அருகில் உள்ளன. செம்பூரிலிருந்து துறைமுக வழி வண்டியில் நேரே செல்லலாம். இக்கல்லூரிகளில் ஆசிரியர்களின் மேற்பார்வையில் பயிலும் மருத்துவர்கள் சிகிச்சை செய்கின்றனர். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் கட்டணம் தனி மருத்துவரிடம் ஆவதைவிடக் குறைவு. உறையிலும் சிக்கனத்துக்கு இடம் உண்டு. உள்ளே ஒளிந்திருக்கும் கடைவாய்ப் பல்லுக்கு வெள்ளி நிறத்து முழு உலோக உறையே போதும். அது விலை குறைந்தது, உறுதியானது, பல்லையும் குறைவாகவே செதுக்கச் செய்வது. யாரும் காணாத இடத்தில் அழகுக்காகப் பணம் கொடுக்க வேண்டுவதில்லை.

அடுத்து, மாதுங்காவில் வாழும் எழுபது வயது மூதாட்டி ஒருவரைக் கருதுவோம். அவருடைய மக்கள் வெளிநாட்டில் இருக்கின்றனர். 'அம்மா, செலவைப்பற்றிக் கவலை வேண்டாம். போன பற்களுக்கெல்லாம் இம்பிளான்ட் வைத்துக்கொள்ளுங்கள்' என்று தொலைபேசியில் கூறுகின்றனர். அன்பினால் எழுந்த சொல்லே அது. ஆனால் முதுமையே இம்பிளான்டுக்குத் தடை அன்று, உடல்நிலையே பார்க்கத்தக்கது. நீரிழிவு கட்டுக்குள் இருக்கிறதா என்பதை மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரைச் சோதனையால் அறிய வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்கிறாரா, எலும்பு மெலிவுக்கு மருந்தோ ஊசியோ பெறுகிறாரா என்பதைப் பல் மருத்துவரிடம் ஒளியாமல் சொல்ல வேண்டும். எலும்பு மெலிவுக்குத் தரும் சில மருந்துகளால், தாடையில் அறுவை செய்த இடம் ஆறாமல் போவதும் உண்டு. அதற்காக எம்மருந்தையும் தாமாக நிறுத்திவிடலாகாது. இரு மருத்துவரும் கலந்து முடிவு செய்ய வேண்டும். மற்றும், போன பற்களுக்கெல்லாம் ஈடு வேண்டும் என்பதும் இல்லை. வரிசையின் கடைசியில் ஒரு பல் போயிருந்து, உண்பதற்குக் குறை இல்லையெனில், அதனை அப்படியே விட்டுவிடலாம். பல பற்கள் போயிருந்தால் கழற்றி மாட்டும் பல்செட்டும் தக்க வழியே. கீழ்த்தாடையில் ஒரு பல்லும் இல்லாதவருக்கு இரண்டே இம்பிளான்ட் வைத்து, ஆடிக்கொண்டிருக்கும் பல்செட்டை அவற்றின்மேல் மாட்டிவிட்டால், பெரும் பயன் விளையும்.

மூன்றாவதாக, செம்பூரில் வாழும் நடுத்தர வயது அலுவலர் ஒருவர். அவருக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் வேர்ச் சிகிச்சை செய்து உறை போட்ட பல் மீண்டும் நோகிறது. 'பழைய பல்லோடு ஏன் போராட வேண்டும்? எடுத்துவிட்டு இம்பிளான்ட் வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது' என்று நண்பர் கூறுகிறார். செலவு செய்யும் ஆற்றலும் அவருக்கு உண்டு. உண்மையில் கடினமான தேர்வு இவருடையதே. உறையைக் கழற்றி மறுபடியும் வேர்ச் சிகிச்சை செய்யலாம். அது பலிக்கவும் கூடும், பலிக்காமலும் போகக் கூடும். வேர் பிளந்திருந்தால் முயற்சி வீண். பிளவு இல்லாமல், போதிய அளவு பல்லும் எஞ்சியிருந்தால், மறு சிகிச்சைக்கு ஒரு வாய்ப்பு அளிப்பதே முறை. ஏனெனில் இம்முடிவுகளில் ஒன்றைத் திருப்பிக்கொள்ளலாம். மற்றதைத் திருப்பிக்கொள்ள இயலாது. காத்த பல்லைப் பின்னர்ப் பிடுங்கலாம். பிடுங்கிய பல்லைப் பின்னர்க் காக்க ஒண்ணாது. ஐயம் எழுந்தால், வேர்ச் சிகிச்சையில் தனிப் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவரின் கருத்தையும் கேட்ட பின்னரே முடிவு செய்தல் நன்று.

தாராவித் தொழிலாளி பணம் இல்லாமையால் வேரை இழக்கக் கூடும். செம்பூர் அலுவலர் பணம் இருப்பதனாலேயே வேரை இழக்கக் கூடும். இருவருக்கும் நாம் கூறுவது ஒன்றே: காக்கத்தக்க வேரை விடலாகாது.

வேர் போயே போயிற்று என்றால் இம்பிளான்ட் ஒன்றே வழியா என்றால், அன்று. இரு பக்கத்துப் பற்களையும் செதுக்கி, மூன்று உறைகளை ஒன்றாக இணைத்துப் பாலம்போல் கட்டுவது ஒரு முறை. பிரிட்ஜ் என்று வழங்குவது. பக்கத்துப் பற்கள் ஏற்கெனவே சிதைந்து உறை வேண்டி நிற்குமாயின் இது நல்ல முறை. அவை பழுதற்ற பற்களாயின், நல்ல பல்லைச் செதுக்க மனம் வாராது. அப்போது இம்பிளான்ட் சிறந்தது. பதினாறு வயதுப் பிள்ளை விளையாட்டில் விழுந்து முன்பல்லை இழந்தால், தாடை வளர்ச்சி முடியும்வரை இம்பிளான்ட் வைக்கலாகாது. அதுவரை கழற்றி மாட்டும் பல்லோ, பக்கத்துப் பல்லில் ஒட்டும் பல்லோ கொண்டு காத்திருக்க வேண்டும். மேல் தாடையின் பின்புறத்தில் மூக்கோடு தொடர்புடைய காற்றறையும், கீழ்த்தாடையில் உதட்டுக்குச் செல்லும் நரம்பும் இருப்பதால், இம்பிளான்ட் வைக்குமுன் எலும்பின் உயரத்தையும் அகலத்தையும் படம் எடுத்து அளந்தறிதல் இன்றியமையாதது.

புகையிலையைப்பற்றியும் ஒரு சொல். புகை பிடிப்பவரிடம் இம்பிளான்ட் தோல்வியுறுவது மிகுதி. மகாராட்டிரத்தில் கருக்கிய புகையிலைத் தூளை மிஸ்ரி என்று பல்லில் தேய்க்கும் வழக்கம் உண்டு; இங்கு வந்து குடியேறிய நம்மவருள்ளும் சிலர் அதனைக் கற்றுக்கொண்டனர். அது பல்லைத் துலக்குவதன்று, ஈற்றைக் கெடுப்பது, வாய்ப் புற்றுக்கும் வழி வகுப்பது. பாக்கு மெல்லும் வழக்கத்தால் பற்கள் தேய்வதும் பிளப்பதும் உண்டு. இவ்வழக்கங்களை விடாமல் எவ்வளவு விலை உயர்ந்த சிகிச்சை செய்துகொண்டாலும், ஓட்டைக் குடத்தில் நீர் வார்த்ததாகவே முடியும்.

நம்மவரிடையே உள்ள இன்னொரு வழக்கத்தையும் சுட்ட வேண்டும். மே மாதத்தில் ஊருக்குச் செல்லும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பல் வைத்தியத்தைத் தள்ளி வைப்பர். ஊரில் வேர்ச் சிகிச்சை தொடங்கும், விடுமுறை முடிந்துவிடும், தற்காலிக அடைப்போடு மும்பைக்குத் திரும்புவர். அவ்வடைப்பு சில வாரங்களுக்கே உரியது. அது தேய்ந்து கிருமி உட்புகும். அல்லது பல்லே பிளந்துவிடும். தொடங்கிய இடத்தில் முடிக்க இயலாதெனில், எக்ஸ்ரே படத்தையும் செய்த வேலையின் குறிப்பையும் எழுத்தில் வாங்கி வருதல் வேண்டும். இம்பிளான்டாயின், அதன் நிறுவனப் பெயர், வகை, அளவு ஆகியவை குறித்த சீட்டைக் கேட்டுப் பெற்று வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்குப் பின் வேறோர் ஊரில் வேறொரு மருத்துவர் அதனைச் சீர்செய்ய நேர்ந்தால், அச்சீட்டு இன்றி அவர் இடர்ப்படுவார்.

குடும்பத்தில் பெண்களின் பல் வலிக்குக் கடைசி இடமே கிடைக்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் முடியட்டும், தீபாவளி கழியட்டும் என்று தாய்மார் தம் பல்லைத் தாமே ஒத்தி வைத்துக்கொள்கின்றனர். உறையோடு தீர்ந்திருக்க வேண்டிய பல், இவ்வாறு ஒத்தி வைத்ததனாலேயே பிடுங்க வேண்டிய பல்லாகிறது. இது அவர்களுடைய பொறுமையைக் காட்டுவதோடு நில்லாது, வீட்டாரின் கவனக்குறைவையும் காட்டுகிறது.

சாலையோரத்திலோ, சிறு அறையிலோ அமர்ந்து, ஒரே மணி நேரத்தில் கட்டுப்பல் வைத்துத் தருகிறேன் என்பாரிடம் ஏமாறுதல் கூடாது. அவர்கள் பிளாஸ்டிக் பசையைப் பக்கத்துப் பற்களிலும் ஈற்றிலும் அப்பிப் பல்லை நிறுத்திவிடுவர். துப்புரவு செய்ய வழியின்றி, நல்ல பற்களும் சேர்ந்து ஆட்டம் காணும். 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டத்தால் நம் நாட்டில் பல் மருத்துவர்களுக்குப் பதிவு முறை ஏற்பட்டது. தம் பதிவு எண்ணைக் கேட்டால் தகுதி வாய்ந்தவர் தயங்காமல் சொல்வார்.

இறுதியாக, உறையாயினும் இம்பிளான்டாயினும், போட்டதோடு பணி முடிந்ததாகக் கருதலாகாது. உறைக்குச் சொத்தை வாராது. ஆனால் உறையும் பல்லும் சேரும் விளிம்பில், ஈற்றின் அருகே, சொத்தை நுழையும். காலையிலும் இரவு படுக்குமுன்னும் பல் துலக்கி, பல்லிடுக்குகளை நூலாலோ சிறு தூரிகையாலோ துப்புரவு செய்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறையேனும் மருத்துவரிடம் காட்டி வருவாரிடத்தே இரண்டும் நெடுங்காலம் நிலைக்கும்.

ஆகவே நேயர்களே, மருத்துவரிடம் செல்லும்போது நான்கு கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். வேரைக் காக்க முடியுமா? முடியாதெனில் காரணத்தைப் படத்தில் காட்டுவீர்களா? முழுச் சிகிச்சைக்கும் ஆகும் செலவும் நாளும் எவ்வளவு? இன்று செய்யாமல் மூன்று மாதம் பொறுத்தால் என்ன இழப்பு? இந்நான்கிற்கும் விடை கிடைத்துவிட்டால், உறையா, இம்பிளான்டா என்பது தானே விளங்கும். பெரும்பாலும் முதற்கேள்விக்கு ஆம் என்ற விடை கிடைக்கும் காலத்திலேயே சென்றுவிட்டால், செலவும் குறையும். நம் தாடையில் வளர்ந்த வேரும் நம்மோடே இருக்கும்.